சிபிபி எனும் கேசீன் பாஸ்போபெப்டைடு: தயாரிப்பு, சோதனை, எங்கே பலிக்கும்?

கடைசல் (மன்ற இழையின் தொடக்கம்)

பாலின் முக்கியப் புரதமான கேசீனிலிருந்து சிபிபி, அதாவது கால்சியத்தைப் பிடிக்கும் பாஸ்பேட் ஒட்டிய குட்டிப் புரதத் துண்டுகள், எடுக்கும் முறையைப் பற்றி மூன்று கேள்விகள். முதலில் முறையைச் சொல்லிவிடுகிறேன்.

ஆடை நீக்கிய பாலை 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் பிஎச் 4.6க்கு இறக்கி, விழுந்த கேசீனை ஒரு முறை அலசி, பிஎச் 8 பாஸ்பேட் தாங்கல் கரைசலில் 10 சதவீதமாகக் கரைக்கிறோம். 37 டிகிரியில் டிரிப்சின், கேசீன் எடையில் நூறில் ஒரு பங்கு, 3 மணி நேரம். பிறகு 90 டிகிரியில் 10 நிமிடம் வைத்து நொதியை நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி பிஎச் 4.6. செரிக்காத கேசீனை மையவிலக்கில் ஒதுக்கிவிட்டு, தெளிந்த நீரை பிஎச் 7க்கு ஏற்றி, 1 சதவீதம் கால்சியம் குளோரைடு, சம அளவு எத்தனால். விழுவதை எடுத்து உறைநிலையில் உலர்த்துகிறோம்.

1. கேசீன் எடையில் 30 சதவீதம் தூள் கிடைக்கிறது. ஆனால் மணல் போல நெருநெருக்கிறது, தண்ணீரில் முழுதாகக் கரைவதில்லை.
2. தூளில் கசப்பு. எடுக்க வழி உண்டா?
3. இதைக் கேழ்வரகு சத்துமாவில் கலந்தால் குழந்தைகளுக்குக் கால்சியம் கூடுதலாகச் சேருமா?

நொதியன்

30 சதவீதம் வரவே முடியாது சார். கணக்குப் போட்டாலே தெரியும்.

டிரிப்சின், லைசின், ஆர்ஜினின் என்ற இரண்டு அமினோ அமிலங்களுக்கும் அடுத்துத்தான் வெட்டும். கேசீனில் ஆல்பா எஸ்1, ஆல்பா எஸ்2, பீட்டா, காப்பா என நான்கு வகை. பீட்டா கேசீனின் தலைப்பகுதியில் 1வது இடத்திலும் 25வது இடத்திலும் ஆர்ஜினின். நடுவில் லைசினும் இல்லை, ஆர்ஜினினும் இல்லை. அதனால் அந்த 25 அமினோ அமிலமும் ஒரே துண்டாக வெளியே வரும். அதில் 15வது செரினிலும், அடுத்தடுத்து நிற்கும் 17, 18, 19வது செரின்களிலும் பாஸ்பேட். அந்த மூன்றை ஒட்டியே இரண்டு குளுட்டமிக் அமிலம். கால்சியத்தைப் பிடிக்கிற இடம் இதுதான். மொத்தத் துண்டு சுமார் 3,100 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு), பீட்டா கேசீன் சுமார் 24,000. ஆக 13 சதவீதம்.

ஆல்பா எஸ்1 கேசீனில் 59 முதல் 79 வரையுள்ள துண்டு முக்கியம்: ஐந்து பாஸ்பேட், சுமார் 2,700 டால்டன், அந்தக் கேசீனில் 11 முதல் 12 சதவீதம். அதே கேசீனில் 43 முதல் 58 வரை இரண்டு பாஸ்பேட்டோடு இன்னொரு துண்டு உண்டு, ஆனால் பிடிப்பு குறைவு. ஆல்பா எஸ்2வில் இரண்டு கொத்து. காப்பாவில் பெயருக்கு ஒரு பாஸ்பேட், அது கணக்கில் வராது. பாலில் இவை இருக்கும் விகிதத்தை வைத்துப் பெருக்கினால் முழுக் கேசீனில் 12 முதல் 15 சதவீதம்தான் உச்சவரம்பு. ஒட்டிவரும் கால்சியத்தையும் ஈரத்தையும் சேர்த்தாலும் 20ஐத் தாண்டாது. கையில் கிடைப்பது 10 சதவீதத்தை ஒட்டி இருந்தாலே நல்ல விளைச்சல்.

மீதி என்ன? கால்சியம் பாஸ்பேட். நெருநெருப்பும் கரையாமையும் அதன் அடையாளம். பாஸ்பேட் தாங்கல் கரைசலில் செரித்துவிட்டு, பிறகு 1 சதவீதம் கால்சியம் குளோரைடை ஊற்றினால் வேறென்ன விழும்? சிபிபி கொஞ்சத்தைத் தடுத்துப் பார்க்கும், அதற்கும் ஓர் எல்லை உண்டு. போதாக்குறைக்கு, ஒரே ஒரு முறை அலசியதால் பாலின் சொந்தப் பாஸ்பேட்டும் கேசீனுக்குள் தங்கியிருக்கும்.

செய்ய வேண்டியது: கேசீனை, நொறுங்கிய கட்டிகளாக இருக்கும்போதே, பத்து மடங்கு தண்ணீரில் மூன்று முறை அலசுங்கள். ஒவ்வொரு முறையும் அலசும் நீர் பிஎச் 4.6லேயே இருக்கட்டும், இல்லையென்றால் கேசீன் கரைந்து போகும். குளிர்நீர் வேண்டாம். குளிரில் பீட்டா கேசீன் கழன்று நீரோடு போய்விடும், நமக்கு வேண்டியதே அதுதான். தாங்கல் கரைசலை அடியோடு விட்டுவிட்டு, வெறும் தண்ணீரில் சோடியம் ஹைட்ராக்சைடு விட்டுக் கரையுங்கள். செரிக்கும்போது பிஎச் தானாக இறங்கும். சொட்டுச் சொட்டாக 1 நார்மல் ஹைட்ராக்சைடு விட்டு 8லேயே நிறுத்துங்கள். முதல் அரை மணியில் அதிகம் குடிக்கும், பிறகு அடங்கும். குடிப்பது நின்றுவிட்டால் வெட்டு முடிந்தது என்று அர்த்தம்.

ஒரு எச்சரிக்கை. காரத்தை ஒரே இடத்தில் ஊற்றாதீர்கள். பிஎச் 9க்கு மேல் சூடும் சேர்ந்தால் பாஸ்போசெரினிலிருந்து பாஸ்பேட் கழன்றுவிடும். மிச்சமாக நிற்கும் டிஹைட்ரோஅலனின் பக்கத்து லைசினோடு இணைந்து லைசினோஅலனின் ஆகும். பாஸ்பேட் போனால் கால்சியத்தைப் பிடிக்க ஒன்றுமில்லை, வெறும் பெப்டைடுதான் மிச்சம்.

கடைசல்

தாங்கல் கரைசல்தான் காரணம் என்றால் சரி. ஆனால் அடுத்த தொகுதியில் சிபிபி எவ்வளவு, கனிமப் பாஸ்பேட் எவ்வளவு என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது? திரவ நிறப்பிரிகைக் கருவி வசதி இல்லை.

நொதியன்

அது தேவையே இல்லை. நைட்ரஜனும் பாஸ்பரசும் அளக்க முடிந்தால் போதும்.

பாஸ்பரசை இரண்டு விதமாக அளங்கள். தூளை நீர்த்த அமிலத்தில் கரைத்து, சூடாக்காமல், நேரடியாக மாலிப்டேட் நீல முறையில் (பாஸ்பேட்டை நீலநிறமாக்கி அளப்பது) அளந்தால் வருவது கனிமப் பாஸ்பேட் மட்டும். செரினில் ஒட்டிய பாஸ்பேட் அறை வெப்பத்தில் அவ்வளவு எளிதில் கழலாது. அதே தூளைக் கந்தக அமிலத்திலும் பெராக்சைடிலும் முழுதாகச் செரித்து அளந்தால் மொத்தப் பாஸ்பரஸ். கழித்தால் கரிமப் பாஸ்பரஸ். நைட்ரஜனுக்கு கெல்டால் முறை.

பிறகு மோல் விகிதம். முழுக் கேசீனில் பாஸ்பரஸ் ஒன்றுக்கு நைட்ரஜன் சுமார் 40. பீட்டா கேசீனின் 1–25 துண்டில் 8. ஆல்பா எஸ்1இன் 59–79இல் 5. உங்கள் தூளில் மொத்தப் பாஸ்பரசை வைத்துப் போட்டு விகிதம் 5க்குக் கீழே இறங்கினால், அது எந்தச் சிபிபியாகவும் இருக்க முடியாது, கனிமப் பாஸ்பேட் கலந்திருக்கிறது. 15, 20 என்று மேலே போனால் பாஸ்பேட் இல்லாத சாதாரணப் பெப்டைடுகள் ஒட்டிக்கொண்டு வந்திருக்கின்றன.

கசப்பும் அந்தக் கூட்டத்தால்தான். சிபிபி அமிலத்தன்மை மிகுந்த துண்டு, அது கசக்காது. கசப்பது நீர் வெறுக்கும் பெப்டைடுகள், குறிப்பாக பீட்டா கேசீனின் வால்பகுதி, 193 முதல் 209 வரை. அவை எத்தனாலில் கரைந்தே நிற்கும். வீழ்படிவை அப்படியே உலர்த்தாமல், குளிர்ந்த 50 சதவீத எத்தனாலில் கலக்கி மறுபடி மையவிலக்கில் இரண்டு முறை அலசினால் கசப்பு போய்விடும். எத்தனாலை முதலில் சேர்க்கும்போதும் கரைசல் குளிர்ந்திருக்கட்டும், கலக்கிக்கொண்டே மெல்ல ஊற்றுங்கள். ஒரேயடியாக ஊற்றினால் கட்டிக்குள் கசப்பு சிறைப்பட்டுவிடும், எத்தனை அலசினாலும் போகாது.

டிரிப்சினுக்குப் பதில் மலிவான பான்கிரியேட்டின் போடுகிறவர்களுக்கு: அதில் கைமோடிரிப்சினும் உண்டு, லூசின் பக்கத்தில் வெட்டும். பீட்டா துண்டுக்குள் லூசின் மூன்று இடத்தில் இருக்கிறது. பாஸ்பேட் கொத்து தப்பிக்கும், துண்டு குட்டையாகும். கால்சியத்தைத் தாங்கும் திறன் தொகுதிக்குத் தொகுதி மாறுவதற்கு இது ஒரு காரணம்.

வடிதாள்

பெரிய அளவில் செய்கிறவர்கள் எத்தனால் பக்கமே போக வேண்டாம். ஆயத்தீர்வை அனுமதி, தீ அபாயம், மீட்டெடுக்கும் செலவு எல்லாம் மிச்சம். 3,000 டால்டன் துண்டு சாதாரணமாக நுண்வடிப்புச் சவ்வைக் கடந்து போய்விடும். கால்சியம் சேர்த்தால் சிபிபி துண்டுகள் ஒன்றோடொன்று திரண்டு பெரிதாகும், சவ்வில் தங்கும். மற்றப் பெப்டைடுகள் திரளாது, கடந்து போகும், கசப்பும் அதோடு போகும். தண்ணீர் விட்டு விட்டு வடித்தால் தூய்மை கூடும். கால்சியம் சேர்க்கும்போது பிஎச் 7ஐத் தாண்டவிடாதீர்கள், பாஸ்பேட் மிச்சமிருந்தால் சவ்வு அடைத்துக்கொள்ளும்.

சிறுகுடல்

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். தயாரிப்பு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், குடலில் என்ன நடக்கிறது என்று பார்க்காமல் கலப்பதில் பயனில்லை.

கால்சியம் இரண்டு வழியில் உள்ளே போகிறது. ஒன்று முன்சிறுகுடலில், செல்லுக்குள் புகுந்து. டிஆர்பிவி6 என்ற வாயில் வழியாக நுழைந்து, கால்பிண்டின் என்ற புரதம் சுமந்து, மறுபக்கம் ஏற்றி வெளியே தள்ளப்படும். இதை நடத்துவது வைட்டமின் டி. கொஞ்சமாகச் சாப்பிட்டால் இந்த வழிதான் பெரிது, அதிகமாகச் சாப்பிட்டால் நிரம்பிவிடும். இன்னொன்று செல்களின் இடுக்கு வழியாகத் தானே கசிவது. இது சிறுகுடல் முழுக்க நடக்கும். உணவு அதிக நேரம் தங்குவது பின்பகுதியில் என்பதால், அங்கே கசிவுக்கு வாய்ப்பு அதிகம். ஆனால் அங்கே பிஎச் 7ஐத் தாண்டுகிறது. பாஸ்பேட்டும் கூடவே இருக்கிறது. கால்சியம் பாஸ்பேட்டாகப் படிந்துவிட்டால் கசிய ஒன்றுமில்லை, நேரே மலத்தோடு போகும்.

சிபிபி செய்வது அந்தப் படிதலைத் தள்ளிப்போடுவது மட்டும். வாயிலைத் திறக்காது, வைட்டமின் டியின் வேலையைச் செய்யாது. அதன் பிடி தளர்ந்த பிடி. அதனால்தான் உதவுகிறது: கால்சியத்தைக் கரைசலில் வைத்திருக்கும், குடல் கேட்டால் விட்டுவிடும். எடிடிஏ போல இறுக்கிப் பிடித்தால் கரைந்திருக்கும், ஆனால் உள்ளே போகாது. சிபிபியையே அளவுக்கு மீறிக் கொட்டினாலும் அந்தப் பக்கம்தான் சாயும். எலிக்குடல் சோதனைகளில் சிபிபி–கால்சியம் விகிதம் ஓர் எல்லையைத் தாண்டியதும் உறிஞ்சுதல் திரும்ப இறங்கியது. கூடக்கூட நல்லது என்ற எண்ணத்தில் தூளைக் கொட்டாதீர்கள்.

மனிதர்களில் என்ன கண்டார்கள்? 1950இல் சுவீடனில் மெலண்டர், ரிக்கெட்ஸ் வந்த குழந்தைகளில் இந்தப் பாஸ்போபெப்டைடுகள் எலும்பில் கால்சியம் சேர உதவின என்று எழுதினார். ஆர்வம் கிளம்பியது அங்கிருந்துதான். 1994இல் அமெரிக்காவில் ஹீனி குழு மாதவிடாய் நின்ற பெண்களிடம் பார்த்தபோது, இயல்பாகவே உறிஞ்சுதல் குறைவாக இருந்தவர்களிடம் பலன் தெரிந்தது. 2006இல் பிரிட்டனில் டாய்ச்சர் குழு ஐசோடோப்பு வைத்து அளந்ததில் கால்சியம் லாக்டேட்டோடு சிபிபி கொடுத்தும் உறிஞ்சுதல் கூடவில்லை. அதே ஆண்டில் ஸ்பெயினில் சிபிபி சேர்த்த பாலைச் சாதாரணப் பாலோடு ஒப்பிட்டார்கள், அங்கும் வேறுபாடு இல்லை.

இவை ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை. லாக்டேட் ஏற்கெனவே நன்றாகக் கரையும் உப்பு. பால் குடித்தால் நம் டிரிப்சினே சிபிபியை வெட்டித் தருகிறது. சிறுகுடலின் கடைசிப் பகுதியான இலியத்தை அறுவையால் வயிற்றுச் சுவர் வழியே வெளியே திறந்துவிட்டவர்களின் குடல்நீரிலேயே, பால் குடித்த பிறகு, இந்தத் துண்டுகளை மைசல் குழு 2003இல் கண்டெடுத்தது. இருக்கும் இடத்தில் இன்னும் கொஞ்சம் போட்டு என்ன கிடைக்கும்?

கூழ்ப்பானை

கேழ்வரகில் சிபிபி பலிக்காது என்பதே என் கருத்து, காரணம் ஃபைட்டேட் (ஃபைட்டிக் அமிலம்), தானியத்தில் இருந்துகொண்டு தாதுக்களை இறுக்கிப் பிடிக்கும் பொருள். 1997இல் டென்மார்க் குழு ஒன்று குழந்தை உணவில் சிபிபி கலந்து பார்த்தது. அரிசி சார்ந்த கஞ்சியில் கால்சியமும் துத்தநாகமும் கூடுதலாக உறிஞ்சப்பட்டன. முழுத்தானியக் கஞ்சியில் ஒன்றும் நடக்கவில்லை. ஃபைட்டிக் அமிலத்தில் ஆறு பாஸ்பேட் ஒரே வளையத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதன் பிடிக்கு முன்னால் சிபிபியின் தளர்ந்த பிடி தோற்றுத்தான் போகும். உமியோடு அரைத்த கேழ்வரகுக்கும் அதே கதிதான். முதலில் முளைகட்டுங்கள்: 12 மணி நேரம் ஊற, ஈரத்துணியில் 48 மணி நேரம் முளை, நிழலில் வாட்டி 55, 60 டிகிரியில் உலர்த்தி, வேரைத் தேய்த்துப் புடைத்து, பிறகு அரைத்தல். முளைக்கும்போது ஃபைட்டேட்டை உடைக்கும் தானியத்தின் சொந்த நொதி, ஃபைட்டேஸ், வேலை செய்யும். நேரடியாக 80, 90 டிகிரியில் உலர்த்தினால் நொதி செத்துவிடும், பிறகு கூழ் புளிக்க வைத்தாலும் பழைய வேகம் வராது.

ஊட்டக்கணக்கு

முளைகட்டுவதை ஏற்கிறேன் மேடம், ஆனால் கால்சியத்துக்காக அல்ல. எண்களைப் போட்டுப் பாருங்கள்.

கேழ்வரகு 100 கிராமில் கால்சியம் 364 மில்லிகிராம், 2017 இந்திய உணவுக் கலவை அட்டவணைப்படி. 40ஆல் வகுத்தால் 9.1 மில்லிமோல். ஃபைட்டேட் 300 முதல் 700 மில்லிகிராம் வரை அளந்திருக்கிறார்கள். 660ஆல் வகுத்தால் 0.45 முதல் 1.06 மில்லிமோல். ஃபைட்டேட்–கால்சியம் மோல் விகிதம் 0.05 முதல் 0.12. உறிஞ்சுதல் கெடும் என்று பொதுவாக வைக்கும் வரம்பு 0.17. கேழ்வரகு அதற்குக் கீழேதான் நிற்கிறது, அதிலுள்ள கால்சியம் அவ்வளவு அதிகம். டென்மார்க்கில் பார்த்த முழுத்தானியக் கஞ்சியோடு இதை நேராக ஒப்பிட முடியாது.

துத்தநாகத்துக்கு வாருங்கள். 100 கிராமில் சுமார் 2.5 மில்லிகிராம்தான், அதாவது 0.038 மில்லிமோல். ஃபைட்டேட்–துத்தநாக விகிதம் 12 முதல் 28. வரம்பு 15. அங்கேதான் ஃபைட்டேட் கடிக்கிறது, இரும்பிலும் அப்படியே. முளைகட்டுவது அவற்றுக்காக.

இப்போது சத்துமாவு. 30 கிராம் மாவில் கால்சியம் சுமார் 110 மில்லிகிராம். அதை 150 மில்லி பசும்பாலில் காய்ச்சினால் பாலிலிருந்து இன்னொரு 180. அந்தப் பாலில் கேசீன் சுமார் 4 கிராம். நொதியன் சொன்ன 12 சதவீதத்தை வைத்தால், குடலில் விடுபடக்கூடிய சிபிபி அரைக் கிராமுக்குப் பக்கம். எல்லாம் விடுபடாது, விடுபட்டதில் ஒரு பகுதியைக் குடல் சுவரின் பாஸ்படேஸ் (பாஸ்பேட்டைக் கழற்றும் நொதி) கெடுக்கும். இருந்தாலும் கடையில் வாங்கிப் போடும் சிட்டிகையைவிட இது அதிகம். பால் விட்டுக் காய்ச்சும் மாவில் சிபிபி சேர்ப்பது காசைக் கரைப்பது.

கூழ்ப்பானை

கால்சியத்துக்கு நீங்கள் போட்ட விகிதத்தை ஏற்கிறேன். ஆனால் கேழ்வரகில் ஆக்சலேட்டும் உமித்தோலின் டானினும் உண்டு, விகிதம் அவற்றைப் பார்ப்பதில்லை. ஆக்சலேட் பிடித்த கால்சியத்தைச் சிபிபியால் மீட்க முடியாது. பசலைக்கீரையில் கால்சியம் எவ்வளவு இருந்தும் 5 சதவீதம்தான் உள்ளே போகிறது, பாலில் 30 சதவீதம். இரண்டுக்கும் நடுவே கேழ்வரகு எங்கே நிற்கிறது என்பதை மோல் விகிதம் மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது.

ஊட்டக்கணக்கு

ஆக்சலேட் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. விகிதம் ஃபைட்டேட்டுக்கு மட்டும்தான்.

கடைசல்

அப்படியானால் சிபிபிக்கு நியாயமான இடம் எது?

சிறுகுடல்

பால் சேராத, பாஸ்பேட் உள்ள, ஃபைட்டேட்டும் ஆக்சலேட்டும் குறைந்த உணவு. அதோடு கால்சியம் கார்பனேட் போன்ற உப்பைச் சேர்த்துச் செறிவூட்டும் இடம். தண்ணீரில் கரைக்கும் அரிசிக்கஞ்சி மாவு நல்ல எடுத்துக்காட்டு. ஜப்பானில் 1991இல் தொடங்கிய உடல்நல உணவு அனுமதித் திட்டத்தில் சிபிபி சேர்த்த பானங்கள் இடம்பெற்றதும் இந்த வகையில்தான்.

மருந்துக்கடை மாத்திரை எடுப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியவை வேறு. வைட்டமின் டி போதுமா? ஒரு வேளைக்கு 500 மில்லிகிராம் கால்சியத்துக்கு மேல் போகிறதா? கார்பனேட் என்றால் சாப்பாட்டோடு, வயிற்றமிலம் குறைக்கும் மாத்திரை எடுப்பவர் என்றால் சிட்ரேட். தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் 4 மணி நேர இடைவெளி. இவை சரியாக இல்லாமல் சிபிபியைப் பேசுவது வீண்.

கடைசல்

தூள் வேலை செய்கிறதா என்று தொகுதிக்குத் தொகுதி பார்க்க ஒரு மேசைச் சோதனை சொல்லுங்கள்.

நொதியன்

37 டிகிரி நீர்த்தொட்டியில் 20 மில்லிமோலார் பாஸ்பேட் கரைசல், பிஎச் 7.8. சிபிபியை மில்லிக்கு 0, 0.1, 0.25, 0.5, 1 மில்லிகிராம் என ஐந்து குழாயில் போடுங்கள். இறுதி அளவு 5 மில்லிமோலார் வருமாறு கால்சியம் குளோரைடைச் சேர்த்து, 2 மணி நேரம் மெல்ல ஆட்டி, மையவிலக்கில் சுழற்றி, தெளிந்த நீரில் மிஞ்சிய கால்சியத்தை ஓ-கிரெசால்ஃப்தலீன் முறையில் 570 நானோமீட்டரில் அளங்கள். வெறும் குழாயில் பெரும்பகுதி படிந்திருக்க வேண்டும். படியவில்லை என்றால் பிஎச் இறங்கியிருக்கிறது. படியப் படியக் கரைசல் அமிலமாகும், இடையில் பார்த்துச் சரிசெய்யாவிட்டால் சிபிபி இல்லாமலே கால்சியம் கரைந்து நிற்கும், நல்ல தூள் என்று ஏமாந்துவிடுவோம். கண்ணாடிக் குழாயில் பழைய எடிடிஏ ஒட்டியிருந்தாலும் அதே ஏமாற்றம். ஒரு குழாயில் முழுக் கேசீனையும், இன்னொன்றில் பாஸ்படேஸால் பாஸ்பேட் நீக்கிய சிபிபியையும் வையுங்கள். பின்னது வெறும் குழாய் போலவே நடந்துகொண்டால்தான் உங்கள் விளைவு பாஸ்பேட் கொத்தால் வந்தது என்று உறுதி.

இது கரைதிறன் சோதனை மட்டும். உறிஞ்சுதல் என்று உறையில் எழுத இது சான்றாகாது.

வடிதாள்

முட்டை மஞ்சள்கருவின் பாஸ்விட்டின் என்ற புரதத்தை யாரும் சொல்லவில்லையே. அதில் பாதிக்கு மேல் செரின், கிட்டத்தட்ட எல்லாமே பாஸ்பேட் ஏறியது. பாஸ்பரஸ் எடையில் 10 சதவீதம், கேசீனில் 0.85தான். பால் ஒவ்வாதவர்களுக்கு மாற்று ஆகலாமே?

நொதியன்

பாஸ்பேட் அதிகம் என்பதே அதன் சிக்கல். டிரிப்சின் அதை வெட்டவே திணறும், இரும்பை இறுக்கிப் பிடித்துவிடும். முட்டையின் இரும்பு நமக்குச் சரியாகச் சேராததற்கு அது ஒரு முக்கியக் காரணம். கொஞ்சம் பாஸ்பேட்டை முதலில் காரத்தால் கழற்றிவிட்டுப் பிறகு டிரிப்சின் போடுகிறார்கள். கால்சியத்தைக் கரைசலில் வைக்கும், ஆனால் எவ்வளவு கழற்றுவது என்பது நுணுக்கமான வேலை. முட்டை ஒவ்வாமையும் தனியாக இருக்கிறது.

சிறுகுடல்

ஒவ்வாமை என்றதும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். லாக்டோஸ் ஒவ்வாதவர் சிபிபி எடுக்கலாம், அலசிய கேசீனில் லாக்டோஸ் இராது. பால் புரத ஒவ்வாமை உள்ளவர் எடுக்கவே கூடாது. செரித்த புரதம்தானே என்று நினைக்காதீர்கள். பாஸ்பேட் கொத்தையே அடையாளம் காணும் எதிர்ப்பொருள்கள் சிலரிடம் உண்டு, சரியாக ஒதுக்காத கேசீனும் தூளில் தங்கியிருக்கும். பல்லில் தடவும் சிபிபி–ஏசிபி (சிபிபியோடு கால்சியம் பாஸ்பேட் சேர்த்த) பசைக்கும் இதே விதி. சத்துமாவில் அரைத் தேக்கரண்டி சேர்த்தாலும் உறையில் "பால்" என்று ஒவ்வாமைக் குறிப்பு இருக்க வேண்டும். மாவு ஆலையில் அதே கலப்பானில் அடுத்துப் பால் சேராத மாவு ஓடுமானால், நடுவில் ஈரமாகக் கழுவி உலர்த்துங்கள். துணியால் துடைப்பது போதாது.

கடைசல்

சரி. சத்துமாவில் சேர்க்கும் எண்ணத்தை விட்டுவிடுகிறேன், அது பாலில் காய்ச்சும் மாவு. அரிசிக்கஞ்சி மாவுக்கு மட்டும், பாஸ்பேட் தாங்கல் இல்லாமல், மூன்று முறை அலசிய கேசீனில் தொடங்குகிறேன். நைட்ரஜன்–பாஸ்பரஸ் விகிதமும் படிதல் சோதனையும் வந்ததும் எண்களை இங்கேயே போடுகிறேன்.

நொதியன்

போடும்போது கனிமப் பாஸ்பேட்டைத் தனியாகக் காட்டுங்கள். தூளை ஈரம் புகாத பொட்டலத்தில் குளிரில் வையுங்கள். கஞ்சி மாவில் உலர்நிலையில் கடைசியாகக் கலக்குங்கள், வறுக்கும் சட்டிக்கு முன்னால் அல்ல.